கெங்கம்மா வீட்டு மாமரம்

கருவாட்டுக்கு வெயில் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். திருவொற்றியூரில் கடலோரத்துச் சந்தில் நானும் கெங்கம்மாவும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருபது வருடமாகக் குடியிருக்கிறோம். மரம் அவள் பக்கம், நிழல் என் பக்கம். கிழட்டு மாமரம், காய்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. நான் காயப்போட்ட நெத்திலியும் வாளையும் நிழலில் புழுத்தன.

ஆகவே, மீனுக்கு உப்புப் போடும் தொட்டித் தண்ணீரைச் சுவரின் ஓட்டை வழியே அதன் வேருக்கு ஊற்றினேன். தினம் ஒரு குடம். இலை கொட்டியது, துளிர் நின்றது, வெயில் வந்தது. அதோடு விட்டிருப்பேன்.

அந்த வருடம்தான், தொண்ணூற்றேழில், கார்குழலி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வியாசர்பாடிப் பெண், பத்தாவது பாஸ். மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் கெங்கம்மா மகன் ஜெயவேலுக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒருநாள் குழாயடியில், மாமியார் என்ன திட்டினாள், புருஷன் எப்போது வருவான் என்று ஓர் அக்கறையில்தான் கேட்டேன்.

"எங்க வூட்டு கதை உனுக்கு இன்னாத்துக்கு ஹில்டாக்கா? உன் கருவாட்ட ஈ மொய்ச்சிகினு கீது, போய் அத்த பாரு" என்றாள். வரிசையே சிரித்தது.

நான் கோபப்படவில்லை. சிரித்தவர்கள் யார் யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஒருவர் கத்தியை ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காக ஜாமீன் சொல்ல வேண்டும். அடுத்த ஆடியில் கெங்கம்மா கத்தியோடு வந்து ஜாமீனுக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"நான் எதுக்கு கெங்கம்மா? உன் மருமவ சொல்லட்டும். வூட்டுப் பொண்ணு சொன்னாதான் மரம் கேக்கும்" என்றேன்.

"துளிர் வுடுறியா, வெட்டிப் போடட்டுமா?" என்று கெங்கம்மா ஓங்கினாள்.

"வுட்டுடு அத்தே. பங்குனிக்குள்ள துளுக்கும், நான் பொறுப்பு" என்றாள் கார்குழலி, சிரித்துக்கொண்டே. விளையாட்டு என்று நினைத்தாள், பாவம்.

அன்றிலிருந்து இரண்டு குடமாக ஊற்றினேன். துளிர்க்காத மரத்தையும் உண்டாகாத வயிற்றையும் சேர்த்துப் பேசியது நான்தான். ஆனால் நாலே பேரிடம். மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மார்கழிக்குள் கெங்கம்மாவே, "இவ கால் வச்ச நேரம் மரமே பட்டுப் போச்சு" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். பங்குனி போனால் இவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பதென்று முடிவு.

பங்குனிக் கடைசியில் கார்குழலி என் வாசலுக்கு வந்தாள். குழாயடியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு மெதுவாக, "நாள் தள்ளிப் போயிகீதுக்கா. நான் சொன்னா அத்தே நம்பாது. நீ சொன்னா கேக்கும்" என்றாள். அவள் இரண்டு முறை வாந்தி எடுத்ததை நானே சுவருக்கு மேலிருந்து பார்த்திருந்தேன். தலையைத் தடவி அனுப்பி வைத்தேன்.

நாலாம் நாள் கெங்கம்மா அவள் பெட்டியைத் தெருவில் வைத்தாள். ஜெயவேல் லாரியோடு வெளியூரில்.

"வயித்துல கீது அத்தே, சத்தியமா. ஹில்டாக்காவுக்குத் தெரியும், கேட்டுப் பாரு."

சந்து மொத்தமும் என்னைப் பார்த்தது.

"எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

"பாத்தியா, போற நேரத்துல பொய் வேற" என்றாள் கெங்கம்மா.

நான் சொன்னது பொய் இல்லை. டாக்டர் பார்க்காமல் யாருக்கு என்ன தெரியும்? டோல்கேட் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டவளும் நான்தான்.

ஐப்பசியில் குழந்தை பிறந்தது. யாருடையதோ என்கிறாள் கெங்கம்மா, ஜெயவேலும் தலையாட்டுகிறான். லாரி பழுதாகி மாசியில் பதினைந்து நாள் அவன் வீட்டிலேயே கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லலாம்தான். ஆனால் அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.