அதே ரகம்

முதலாளி: அன்னிக்கு எனக்குக் குடுத்த காளான் ரகத்தோட பேரை மட்டும் சொல்லுங்க குருவே. இந்தக் கடுதாசியில இப்பவே கையெழுத்துப் போடறேன்.

கைதி: கையெழுத்தைப் போடுங்க சார்... பேரைச் சொல்றேன்.

முதலாளி: என் மேல நம்பிக்கை இல்லையா?

கைதி: நாலு வருஷமா உள்ள இருக்கேன். சாப்பாட்டுல கல்லு இருக்காதுன்னு கூட நம்பறதில்லை.

காவலர்: ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா. பார்வை நேரம் இன்னும் இருபது நிமிஷம். கை மேசை மேலயே இருக்கணும்... சார், மாத்திரை டப்பா மேல இருக்கிற படம் நீங்கதானே?

முதலாளி: ஆமா.

காவலர்: என் சகலை உங்க காளான் மாத்திரைதான் சாப்பிடறான். தினம் காலையில ஒண்ணு. பிரபஞ்சமே நான்தாங்கறான்.

கைதி: உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

காவலர்: உடம்பு நல்லாத்தான் இருக்கு. பிரபஞ்சம் வேலைக்குத்தான் போக மாட்டேங்குது. என் மச்சினி தலையில அடிச்சுக்கறா.

முதலாளி: ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். நான்ங்கிற எண்ணம் கரையணும் இல்லையா? எனக்கு இவர் வீட்டுல ஒரே மத்தியானத்துல கரைஞ்சு போச்சு.

கைதி: அப்புறம் டப்பா மேல உங்க படம் எதுக்கு சார்?

முதலாளி: அது... விளம்பரப் பிரிவு ஆளுங்க முடிவு.

காவலர்: இவருக்கு ஒன்பது வருஷத் தண்டனை. சகலைக்கு மாசம் ஒரு டப்பா. ஒண்ணும் புரியலை போங்க.

கைதி: நான் வித்தா போதைப்பொருள். சார் வித்தா மனநலம். இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?

முதலாளி: சட்டம் மாறினது அப்புறம்தானே குருவே. பழைய கேசுக்குப் பொருந்தாதுன்னு எழுதிட்டாங்க, நான் என்ன பண்ணுவேன்? அதுக்குத்தானே வந்திருக்கேன். லைசன்ஸ் உள்ள கம்பெனி, இவர் எங்களுக்கு ஆலோசகரா வேணும்னு எழுதிக் குடுத்தா அடுத்த வாரமே விட்டுடுவாங்க.

கைதி: அடுத்த வாரமா...

முதலாளி: உங்க பொண்ணு இப்ப என்ன படிக்குது?

கைதி: பத்தாவது. அப்பா கப்பல்ல வேலை பார்க்கிறாருன்னு ஸ்கூல்ல சொல்லி வெச்சிருக்கா. பஸ் ஸ்டாப்புல உங்க விளம்பரத்தைப் பார்த்துட்டு அவங்கம்மாகிட்ட கேட்டாளாம்... அப்பா செஞ்சதைத்தானே இந்த ஆளும் செய்யறாரு, இவரு மட்டும் எப்படி சிரிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு. எனக்கு வீட்டுக்குப் போகணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்.

முதலாளி: அப்ப சொல்லிடுங்களேன். அந்த ரகத்தை நான் தேடாத இடமில்லை. வேற எதைத் தின்னாலும் வாந்திதான், சுவரெல்லாம் பூரான் ஊருது. அன்னிக்கு வந்த அமைதி வர மாட்டேங்குது. நான் அழுதேன், நீங்க முதுகைத் தடவிக் குடுத்தீங்க, எங்கப்பாவை மன்னிச்சேன், கம்பெனிக்குப் பேர் கூட அப்பத்தான் தோணிச்சு. அடுத்த மாசம் முதலீடு போடறவங்க வராங்க. அவங்களுக்கும் அதே அனுபவம் வேணுமாம்.

கைதி: மாத்திரையில அது இல்லையா?

முதலாளி: இப்போதைக்கு... வேற ஒண்ணு இருக்கு.

காவலர்: அப்ப என் சகலை எதைத் தின்னுட்டு இருக்கான்?

முதலாளி: அதுவும் நல்லதுதான். எங்க ஆபீஸ்லயே எல்லாரும் சாப்பிடறோம். மனசு எவ்வளவு விரிஞ்சிருக்கு தெரியுமா? போன வாரம் நூறு பேரை வேலையை விட்டு எடுத்தோம். ஒவ்வொருத்தரையும் கட்டிப் பிடிச்சு அழுதுட்டுத்தான் எடுத்தோம்.

கைதி: அவங்களும் அழுதாங்களா?

முதலாளி: அழுதாங்க... ஆனா அவங்க கட்டிப் பிடிக்கலை.

காவலர்: பத்து நிமிஷம்தான் இருக்கு. போட்டுடுங்க சார், இவரு எங்க ஓடிடப் போறாரு?

முதலாளி: சரி... இந்தாங்க, போட்டாச்சு.

காவலர்: குடுங்க, பக்கத்து ரூம்ல சீல் வாங்கிட்டு வந்துடறேன். கை மேசை மேலயே இருக்கட்டும்.

கைதி: அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும் சார். போலீஸ் வந்தப்ப எங்கயும் தேடலை. நேரா மாடிக்குப் போய், அலமாரியை நகர்த்தி, பின்னாடி இருந்த கதவைத் திறந்தாங்க. அந்தக் கதவு தெரிஞ்சது என் வீட்டுக்காரிக்கும் உங்களுக்கும்தான்.

முதலாளி: அது... இப்ப எதுக்கு?

கைதி: அவ சொல்லலை.

முதலாளி: சட்டம் மாறப் போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அந்த ரகம் வேற யார் கைக்கும் போயிடக் கூடாதேன்னு... ஆமா, நான்தான் சொன்னேன். ஆராய்ச்சிக்குன்னு எழுதிக் குடுத்து, உங்க வீட்டுல பிடிச்ச அத்தனை காளானையும் எடுத்துக்கிட்டேன். ஒவ்வொண்ணாத் தின்னு பார்த்தோம். எல்லாத்துலயும் பூரான்தான். எனக்குக் குடுத்தது மட்டும் அதுல இல்லை.

கைதி: இருக்காது.

முதலாளி: தினமும் தியானத்துல உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் குருவே.

கைதி: எனக்குக் கேக்கலை சார். இங்க சுவர் உயரம்.

காவலர்: சீல் வெச்சாச்சு. மேலதிகாரி கையெழுத்தும் ஆயிடுச்சு.

கைதி: இனிமே சார் மனசு மாறினா?

காவலர்: மாறினாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதலாளி: நான் ஏன் மாறப் போறேன்? இப்பவாவது சொல்லுங்க. அது எங்க கிடைக்கும்?

கைதி: எந்தக் காய்கறிக் கடையிலயும் கிடைக்கும்.

முதலாளி: விளையாடாதீங்க.

கைதி: மூணு நாளாத் தூங்கலைன்னு வந்து நின்னீங்க. அந்தக் கதவைத் திறந்து மூடினதெல்லாம் நீங்க நம்பணும்னுதான். சமையல்கட்டுல என் வீட்டுக்காரி குழம்புக்குக் காய வெச்சிருந்த காளானை எடுத்து, கசப்பு வரட்டும்னு கொஞ்சம் காப்பித்தூளைச் சேர்த்துக் குடுத்துட்டு, நீங்க அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்... இருந்த நிலைமைக்கு நிஜமானதைக் குடுத்தா உங்க உயிருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு சார்.