படம் ஒன்று, குரல் ஒன்று

வீடியோ ஓடவில்லை என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய வீடியோவில் கோளாறே இருக்காது, மேடம். அவர்கள் வீட்டு டி.வி.க்குப் புரியாத வகையில் இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றிக் கொடுத்துவிடுவேன். சிலருக்குப் படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் ஓடும். இழுத்துச் சேர்ப்பேன். படுத்துக் கிடக்கும் படத்தை நிமிர்த்துவேன். ஆரணியில் இந்த வேலைக்கு சோபியா கடையைக் கேட்டால் ஆட்டோக்காரர்களே கொண்டுவந்து விடுவார்கள்.

என் கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்து திறந்து பார்த்த உங்கள் ஆள், இதில் எடிட்டிங் சாப்ட்வேரே இல்லையே என்றார். கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்துதான் நான் வேலை செய்வேன். எஃப்எஃப்எம்பெக் என்று அதற்குப் பெயர். பட்டன் கிடையாது. என்ன வேண்டுமோ அதை ஒரு வரியில் எழுதி என்டர் தட்ட வேண்டும். சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது. என் தம்பிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

தம்பி பெயர் அருள்பிரகாஷ். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஜெகநாதன் ஐயா வீட்டில் ஒருத்தருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு அவன் கேமராக்காரன். பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம் என்பதால் வேலூரிலிருந்து பெரிய ஸ்டுடியோவைப் பிடித்தார்கள். ஸ்டுடியோவில் ஒரு ஆள் குறைந்தது. அன்றைக்கு ஒரு நாள் வேலைக்குத்தான் இவன் போனான்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணுடைய ஆரத்தைக் காணோம் என்றார்கள். பெண் அறைக்கு வெளியே கேமராவோடு நின்றவன் இவன்தான். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சட்டையை அவிழ்க்கச் சொல்லி அடித்தார்கள். அடிக்கச் சொன்னவர் பெண்ணின் அப்பா ஜெகநாதன். ஆரம் மறுநாள் கிடைத்தது. கூறைப்புடவை மாற்றும்போது கழற்றியதை, கழற்றிய பட்டுப்புடவையின் மடிப்பிலேயே வைத்துச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். அது சீர்த்தட்டோடு கண்ணமங்கலத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. பீரோ நிறையப் பட்டு வைத்திருக்கிற வீட்டில்தான் இப்படி நடக்கும். அங்கே புடவையைப் பிரித்தபோது, இங்கே நாங்கள் தம்பியைக் கல்லறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். அந்த அவமானத்தோடு அவன் ஒரு ராத்திரிகூட இருக்கவில்லை.

நியாயம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்து உள்ளேயிருந்தே சொன்னார். "யாரு, நூல் சுத்த வந்த பொண்ணா? அப்புறமா வரச் சொல்லு."

நான் திரும்பி வந்துவிட்டேன். நான் கோபக்காரி என்று அவர் மகன் ராஜ்குமார் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறாராமே. கோபக்காரியாக இருந்தால் பத்து வருஷம் பேசாமல் கடை நடத்தியிருப்பேனா, சொல்லுங்கள். நான் யாரையும் தேடிப் போகவில்லை. அவர்தான் என் கடைக்கு வந்தார்.

போன தை மாதம். கைத்தடி ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கர்ச்சீப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு மெமரி கார்டை மேஜையில் வைத்தார்.

"நாலு கடை ஏறி எறங்கிட்டேன்மா. வேலூர்ல கூட ஒருத்தனும் தெறக்க முடியாதுன்றான். எம் பொண்ணு லாவண்யா. கல்யாணமான வருஷமே பிரசவத்துல போயிட்டா. அவ குரல் எங்கிட்ட இல்லம்மா."

கல்யாண வீடியோ இருக்குமே என்றேன்.

"இருக்குது. பூரா சினிமாப் பாட்டு. வாயி அசையுது, பாட்டுதான் வருது."

அது உண்மை, மேடம். நம் ஊர்க் கல்யாண வீடியோ எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், பெண்ணின் குரல் இருக்காது. சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டை ஏற்றுவோம். கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்பதும் அப்படித்தான். லாவண்யாவின் போனும் மாப்பிள்ளை வீட்டோடு போயிற்று, மாப்பிள்ளை மறு கல்யாணமும் செய்துகொண்டார். மிச்சம் இருந்தது இந்தக் கார்டு ஒன்றுதான். என் தம்பி கேமராவிலிருந்து அன்றைக்கு அவர்கள் பிடுங்கிக்கொண்ட கார்டு.

அது ஏன் ஓடவில்லை என்று சொல்கிறேன், கேளுங்கள். ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் கேமரா கடைசியில் ஓர் அட்டவணை எழுதும். எந்தப் படம் எங்கே, எந்தச் சத்தம் எங்கே என்று. அது இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் இருந்தும் எதிலும் ஓடாது. தம்பியை இழுத்தபோது கேமரா கீழே விழுந்தது, கொஞ்ச நேரத்தில் யாரோ மிதித்து பேட்டரி கழன்றது. அட்டவணை எழுதவே இல்லை. மகளின் குரல் எங்கே எங்கே என்று வருஷக்கணக்காக அலைந்தாரே, அதை உடைத்தது அவர்தான். இதை அவரிடம் சொல்ல எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

உடைந்த கோப்பைச் சரிசெய்ய, அதே கேமராவில் அதே மாதிரி எடுத்த நல்ல கோப்பு ஒன்று வேண்டும். அதைப் பார்த்துத்தான் இதை அடுக்க முடியும். அன்று காலை தம்பி கிளம்பும் முன் கேமராவைச் சோதிக்க என்னைப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போனான். நான் தோசை ஊற்றிக்கொண்டே, "டேய், லேட்டாகுது, துண்ணுட்டு கெளம்பு" என்று திட்டுகிற வீடியோ. அந்தக் கார்டைத் திறக்கிற சாவி என் ஒருத்தியிடம்தான் இருந்தது. இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

திறந்தது. மொத்தத்தையும் பார்த்தேன். முதலில் லாவண்யா, பட்டுப் புடவையில், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் அப்பாவிடம் பேசுகிறாள். "அழுவாத பா. கண்ணமங்கலம் இன்னா வெளியூரா? பஸ்ஸு ஏறினா வந்துடப் போறேன்." அப்புறம் கூச்சல், கேமரா விழுகிறது, தரை தெரிகிறது, கால்கள் தெரிகின்றன. அதற்குப் பிறகு குரல் மட்டும்தான். "அவுருங்கடா அவன் சட்டைய" என்று ஜெகநாதன். "ஐயா, நான் எடுக்கலீங்க. எங்க அக்காவக் கேட்டுப் பாருங்க. எங்க அக்காவக் கேளுங்க" என்று என் தம்பி.

யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவருக்கு முதலில் படத்தை மட்டும் கொடுத்தேன். சத்தம் கெட்டுப்போயிருக்கிறது, முயற்சி பண்ணுகிறேன் என்றேன். சத்தமில்லாமல் மகளின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். "இன்னிக்காவது வருமாம்மா?" என்பார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறதுங்க ஐயா என்பேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அதோடு விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அவர் மனைவி பரிமளா அம்மா கடைக்கு வந்தார்கள்.

"வாயால கேக்க முடியலம்மா. லாவண்யா போட்டோவ பாக்கறாரு, என்னப் பாக்கறாரு. ஜல்தியா முடிச்சுக் குடு தாயி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன். நான் போட்ட கட்டளை சின்னதுதான், உங்கள் ஆளிடம் கேட்டால் விளக்குவார். ஒரு கோப்பிலிருந்து படத்தை எடு, இன்னொரு கோப்பிலிருந்து சத்தத்தை எடு, சேர்த்து வை. படத்துக்கு லாவண்யா சிரித்துப் பேசுகிற இடம். சத்தத்துக்கு என் தம்பி கெஞ்சுகிற இடம். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி சுற்றிவிட்டேன். என்னுடைய பழைய போன் ஒன்றில் ஏற்றி, காதை முழுக்க மூடுகிற ஹெட்போனும் கொடுத்தேன்.

ஹெட்போன் இல்லாமல் முடியாது, மேடம். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ராஜ்குமாரின் பவர்லூம் ஓடுகிறது. அந்தத் தறிச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. பரிமளா அம்மாவிடம் நீங்களும் ஒரு தடவை கேளுங்கம்மா என்று ஹெட்போனை நீட்டினேன். கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் எதையும் பூட்டி வைக்கவில்லை. "ஐயோ, வேணாம்மா. அவ குரலக் கேட்டா எனக்குத் தாங்காது" என்று கையை எடுத்துக் கும்பிட்டார்கள்.

காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை மாட்டிவிட்டார்கள். சிரிக்கிற மகளின் முகத்தைக் கண்ணுக்கு நேராக நிறுத்தி வைத்தார்கள். அவர் அழுதார். அடுத்த வாரம் பரிமளா அம்மா ஒரு பட்டு ஜாக்கெட் துணியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போட்ட ஒடனே கண்ணுல தாரதாரையா ஊத்துதும்மா. பொண்ணு மேல அவ்ளோ பாசம். ஆனா ஒரே பேஜாரு, அந்த எடது கையால தட்டித் தட்டி உட்டுடறாரு. ஹெட்போன் நழுவிகினே இருக்குது."

ஒரு துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி லேசாகக் கட்டிவிடுங்கம்மா என்று சொன்னேன்.

அதையும் மறைக்கப் போவதில்லை. ஜாக்கெட் துணி கடை அலமாரியில் அப்படியே இருக்கிறது, நான் தைத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் இனாம் வாங்குகிற ஆள் இல்லை நான்.

கண்ணை மூடிக்கொண்டால் படம் தெரியாது, குரல் கேட்கும். கண்ணைத் திறந்தால் தன் மகளே வாயைத் திறந்து என் தம்பியின் குரலில் கெஞ்சுவாள். அவர் யாரிடம் சொல்வார்? நான் எடுக்கவில்லை என்று என் தம்பி சொன்னபோது மட்டும் யார் கேட்டார்கள்? எது செய்தாலும் சரிக்குச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவள் நான். ஒரு பொய்கூட அந்தக் கோப்பில் இல்லை. எல்லாமே அந்த மண்டபத்தில் உண்மையாகப் பேசியது.

ஆடி மாதம் வரை அப்படி ஓடியது. ஒரு நாள் பராமரிப்பு என்று ஊர் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினார்கள். தறிகள் நின்றுவிட்டன. வீடு அமைதியானது. சாப்பிட வந்த ராஜ்குமார் அப்பா கட்டிலைத் தாண்டிப் போகும்போது, துண்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஓர் ஆண் குரல் அழுவது கேட்டிருக்கிறது. குனிந்து காது வைத்துக் கேட்டிருக்கிறார். அப்புறம் துண்டை அவிழ்த்திருக்கிறார். ஐயா அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அது கொலையா, வேறு ஏதாவதா என்பது உங்கள் பாடு. எந்தப் பிரிவில் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ராஜ்குமார் இங்கே வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம். "அப்பா போயிட்டாரு. எங்கம்மாவுக்காவது தங்கச்சி குரலக் குடுக்கச் சொல்லுங்க" என்று கேட்டாராம். முடியாது, மேடம். அந்தக் கார்டின் மேல் வேறு படங்களை எழுதி எழுதி அழித்துவிட்டேன். என் கம்ப்யூட்டரிலும் இல்லை. எந்த லேபுக்கு அனுப்பினாலும் வராது. என் தம்பியின் குரலும் நீங்கள் பறிமுதல் செய்த அந்தப் போனில் இருப்பது ஒன்றுதான் மிச்சம்.

அம்மா ஒரு பாவமும் செய்யவில்லையே, அவர்களுக்காகவாவது லாவண்யாவின் குரலை வைத்திருக்கலாமே என்கிறீர்கள். வைத்திருக்கலாம். ஆனால் அவள் குரல் அந்தக் கோப்பில் இரண்டு இடத்தில் வந்தது. முதல் இடம் நான் சொன்னது, அப்பாவை அழாதே என்று சொல்வது. இரண்டாவது, கேமரா விழுந்த பிறகு. என் தம்பி கெஞ்சுகிறான் இல்லையா, அதற்கு நடுவில் ஒரு பெண் குரல் வரும். "அப்பா, அவர உட்டுடு பா. அவரு ரூமுக்குள்ளயே வரல. நான் பாத்துகினுதான இருந்தேன். அப்பா, என் மேல சத்தியமா அவரு எடுக்கல." அப்புறம் கன்னத்தில் ஓர் அறை விழும் சத்தம். அப்புறம் ஜெகநாதன், "நீ உள்ள போடி."

இதை வெட்டும் முன் மட்டும் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். ஹெட்போனில் இதுவும் போயிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், தன் மகள் நல்லவள் என்று. பரிமளா அம்மா கேட்டிருந்தால் அவர்களுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அது எதற்கு? அந்த இடத்தில் சத்தத்தைச் சுழியமாக்கினேன். பிறகு மூலத்தையே அழித்தேன்.

சரி, மேடம், கடைசியாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் என் தம்பிக்காக ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. அதனால்தான் செய்தேன்.