ஒரே ஒரு தடவை

— “ஈஸ்ட் பிரன்ஸ்விக், மார்ச் 1999. அன்று வகுப்பில் இருந்தவர்கள்: கதவோரம் முதல் நாற்காலியில் சென்னை சாரதா. அவருக்கு அடுத்து போலந்துக்கார அம்மா. ஜன்னல் பக்கம் மெக்சிகோவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். நடுவில் கட்டில், அதில் நோயாளியாக ஒரு ரப்பர் பொம்மை. கட்டிலின் தலைமாட்டில் என் மனைவி.” சரிதானே மரகதம்?

— என் மனைவின்னு எப்படிங்க வரும்? லெட்டரு நானு எழுதறதுதானுங்களே?

— அட, ஆமா. “நான்”னு திருத்திர்றேன்.

— அப்பா, இது லெட்டரா, போலீஸ் ரிப்போர்ட்டா?

— கயல், நீ உன்ற ஹோம்வொர்க்கப் பாரு. எங்க ஸ்கூல்ல கடிதம்னா இடம், நாள், இருந்தவங்க, அப்பறம் நடந்தது. இந்த வரிசை மாறுனா மார்க்கே கெடையாது.

— ஜஸ்ட் கால் ஹெர், அப்பா. டூ மினிட்ஸ்.

— போன்ல சொன்னா காத்தோட போயிரும். அதுவுமில்லாம, லெட்டராத்தான் எழுதோணும்னு உங்கம்மாவோட டீச்சரே சொல்லியிருக்காங்க. மேல கேளு. “மேசைக்குப் பின்னால் எங்கள் டீச்சர். அவருக்குப் பக்கத்தில், வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்த முதியோர் இல்லத்து மேனேஜர் அம்மா, அதாவது தாங்கள்.”

— அவங்க எங்க உக்காந்திருந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாதுங்களா?

— முறைன்னு ஒண்ணு இருக்கு புள்ள. “ஆங்கிலம், குடியுரிமைக் கேள்விகள், முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி மூன்றும் எங்களுக்கு ஒரே வகுப்பு.” இது எப்படித்தான் ஒரே வகுப்பாகுதுன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

— ஏனுங்க, எத்தன தடவ சொல்றது? தலகாணிக்கு உறை மாட்டிக்கிட்டே, செனட்டர் எத்தன பேருன்னு கேட்டா நூறுன்னு சொல்லோணும். பிளட் பிரஷர் பாத்துக்கிட்டே, சட்டம் போடறது யாருன்னா காங்கிரஸ்.

— பொம்மைக்குப் பிரஷர் எவ்வளவு இருந்துதாம்?

— உங்களுக்கு இருக்கறதவிட கம்மிதானுங்க.

— அம்மா, குட் ஒன்!

— சிரிங்க, சிரிங்க. இனிமேதான் விசயமே. “நான் விரிப்பை மடித்துச் செருகிய விதத்தைப் பார்த்துத் தாங்கள் கைதட்டினீர்கள். இந்தியப் பெண்கள் நன்றாகச் சமைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னீர்கள். எங்கள் சமையலறையில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன்.” அங்கதான் வந்துது வினை.

— அது வந்துங்க...

— இரு, இந்தப் பாராவ முடிச்சுக்கறேன். “எங்கள் பக்கத்தில் காபி கொடுத்தால்கூட முதல் தடவை வேண்டாம் என்போம். மறுபடியும் கேட்பார்கள். அப்போதும் பரவாயில்லை என்போம். மூன்றாம் தடவைதான் கையை நீட்டுவோம். இது மரியாதையே தவிர மறுப்பல்ல.”

— அப்பா, ஹியர் நோ மீன்ஸ் நோ.

— எனக்கா தெரியாது? வந்த புதுசுல எங்க ஆபீஸ் டேவ் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். இன்னொரு துண்டு பீட்சா வேணுமான்னான். ஐயோ, போதும் போதும்னேன். பாவி, தட்டையே எடுத்துட்டுப் போயி கழுவ ஆரம்பிச்சுட்டான். வீட்டுக்கு வந்து சட்டியோட மோர்சோறு தின்னேன்.

— அது வாஸ்தவந்தானுங்க. ஆனா நானு அன்னைக்கு...

— உன்மேல தப்பே இல்ல மரகதம். பழக்கம். கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எட்டு வருசம் வேலைக்குப் போக அனுமதியில்லாம வீட்டுலயே கெடந்த. மொதமொதல்ல ஒரு வேலை தானா வந்துது, வாய் பழக்கத்துல வேண்டாம்னுருச்சு. அதும் நடந்து போற தூரம். சமையல் உனக்குக் கைவந்தது. விட்டுர முடியுமா? திங்கக்கிழமை வேற ஆளப் போட்டுருவாங்களாம்.

— எனக்கும் வேலைக்குப் போயே ஆகோணுமுங்க. அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா ஒண்ணு...

— அந்த “ஆனா”வ அப்பறம் வெச்சுக்கலாம். தபால் வண்டி வர்ற நேரம். “ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து இன்னும் இரண்டு முறை கேட்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.” முடிஞ்சுது. இந்தா, இத இங்கிலீஷ்ல எழுது. உன்ற கையில எழுதுனாத்தான் டீச்சர் அதப் பாடமா எடுத்துக்குவாங்க.

— குடுங்க. கயலு, அந்தப் பேனாவ எடு சாமி. இங்க பக்கத்துல வந்து உக்காரு.

— “மரியாதை”ங்கறத அழுத்தி எழுது மரகதம்.

— எழுதறனுங்க.

— வாவ், அம்மா. ஆர் யூ ஷூர்?

— ஸ்பெல்லிங்க மட்டும் பாரு கண்ணு.

— ஸ்பெல்லிங் இஸ் பெர்ஃபெக்ட்.

— அதுக்குள்ளயா முடிஞ்சுது? நானு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தனே, இது நாலு வரிதான இருக்குது?

— இங்கிலீஷ்ல சுருங்கிப் போச்சுங்க.

— இருக்கும், இருக்கும். தமிழ்ல இருக்கற பணிவுக்கு அவங்ககிட்ட வார்த்தை ஏது? எங்க, ஒரு தடவ படிச்சுக் காட்டு.

— அப்பா! மெயில் ட்ரக்!

— ஐயையோ! கவர்ல போடு, போடு. ஒட்டியாச்சா? ஸ்டாம்ப நேரா ஒட்டு புள்ள, கோணலா இருந்தா மதிக்க மாட்டாங்க. குடு இப்படி. சார்! சார், வெயிட்! ஒன் லெட்டர். தேங்க் யூ சார், தேங்க் யூ! அப்பாடா. போயிருச்சு. வர்ற வாரம் நீ வேலைக்குப் போறவ.

— ஏனுங்க, சித்த உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும்.

— சொல்லு.

— காபி, மரியாதை, நாற்காலி ஒண்ணும் அந்த லெட்டர்ல இல்லீங்க.

— பின்ன என்ன எழுதுன?

— “சமையல் வேலை வேண்டாம் என்று நான் சொன்னது உண்மையாகத்தான். முதியோரைக் கவனிக்கும் வேலைக்குத்தான் படித்தேன். கட்டில் பக்கத்தில் என்னை நிறுத்திப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் வருகிறேன்.” அவ்வளவுதானுங்க.

— அப்படின்னா... அன்னைக்கு நெசமாவே வேண்டாம்னா சொன்ன?

— நெசமாத்தானுங்க.

— அட ஆண்டவனே! இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— அவங்க மூணு தடவ கேக்கோணும்னு ரெண்டு பக்கம் எழுதினீங்களே, நீங்க என்னை ஒரு தடவ கேட்டீங்களா?