வாயில் மாட்டிய கிளிப்

பல்லை வெண்மையாக்கிக்கொள்ள வருகிறவர்கள் வீட்டிலேயே இரண்டு முறை தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். டாக்டரிடம் அழுக்குப் பல்லைக் காட்டக் கூச்சம். சுங்குவார்சத்திரம் பல் கிளினிக்கில் ஆறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். பெயர் சரோஜா. இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டபடி என் கையாலேயே எழுதித் தருகிறேன். யாரும் மிரட்டவில்லை. வருத்தமும் இல்லை.

கோபிநாத் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார். வடக்குப்பட்டுக்காரர். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். என் ஒரே மகன் வேல்ராஜ் அவர் லைனில்தான் பிரஸ் மெஷின் ஓட்டினான். போன ஆடியில் அந்த மெஷினில் சிக்கி இறந்தான். இருபத்து மூன்று வயது.

மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் டார்கெட் வராது. அதனால் ஒரு ஒயர்த் துண்டைச் செருகி சென்சாரை ஏமாற்றிவிடுவார்கள். அப்படிச் செய்யச் சொன்னவர் கோபிநாத்தான் என்று எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

நான் மாஸ்க் போட்டிருந்ததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“இன்னாக்கா, வலிக்குமா? பத்து வருஷம் மாவா பாக்கு போட்ட பல்லு.”

“வலிக்காது தம்பி. கல்யாணமா?”

“நமக்கு எவன் பொண்ணு தருவான்? கம்பெனில சேஃப்டி அவார்டு தராங்கோ. போட்டோல பல்லு காவி அடிச்ச செவுரு மாதிரி தெரியும்னு பசங்க கலாய்ச்சிக்கினே கீறானுங்க.”

சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“அத்த வாங்கவே கூசுதுக்கா. என் லைன்ல ஒரு பையன் பூட்டான். ஒயரு செருகாதடான்னு எத்தினி தபா புடுங்கிப் போட்டேன். அன்னிக்குக் காலைல சிரிச்சிக்கினே ஒண்ணு சொன்னான். என்கொயரில கூட நான் அத்தச் சொல்லல. அவங்க அம்மா—”

“வாயை நல்லாத் திறங்க” என்று உதட்டை விரிக்கும் கிளிப்பை மாட்டினேன். மாட்டிவிட்டால் யாராலும் பேச முடியாது. தொண்டையிலிருந்து சத்தம்தான் வரும்.

எங்களிடம் ஒரே நிறத்தில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. ஒன்றுதான் பல்லை வெளுக்கும் லேசரைத் தடுக்கும். மற்றதை அவருக்குப் போட்டுவிட்டேன். டாக்டர் பிரவீனா பல்லில் மருந்து பூசி, லேசரை ஓடவிட்டார். சிறிது நேரத்தில் அடுத்த அறையில் ஒருவருக்கு ரத்தம் நிற்கவில்லை என்று எழுந்து போனார்.

“பாத்துக்கோங்கக்கா” என்றார்.

பார்த்துக்கொண்டேன். லேசரின் தலையை மெல்ல மேலே திருப்பினேன். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கூசாது. அவர் அமைதியாகப் படுத்திருந்தார். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவாகக் காட்டினேன். வேலையில் நான் எப்போதும் ஒழுங்கு.

இப்போது கோபிநாத், எதிரே நிற்பவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் தெரிகிறது என்கிறாராம். அது போதும். வாயை எத்தனை நாள் அடைக்க முடியும்? என்றைக்காவது மாஸ்க் இல்லாத என் முகத்தைப் பார்த்து, அந்தத் தாய் இவள்தான் என்று அவர் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

அவர் சொல்ல வந்தது உண்மைதான். அன்று காலை வேல்ராஜ் ஒயர்த் துண்டை வீட்டிலேயே மறந்துவிட்டான். பின்னாலேயே ஓடி, கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக அதை அவன் கையில் கொடுத்தவள் நான். டார்கெட் வந்தால் அவன் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பியிருந்தோம். பிள்ளை முன்னுக்கு வர எந்தத் தாயும் செய்வதுதான்.

வேல்ராஜ் அதை வெளியே சொல்லியிருக்கக் கூடாது.