புகைபோக்கிக்கு ஒரு மூடி

ஆள் இல்லாத வீட்டைப் பராமரிப்பது சும்மா பூட்டிவிட்டு வருகிற வேலை இல்லை, ஐயா. வீடு காய்ந்திருக்க வேண்டும். மழையும் பனியும் பறவையும் உள்ளே இறங்கக் கூடாது. அதனால் குளிர்காலம் தொடங்கும் முன் கூரை ஏறி, ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தகர மூடி போட வேண்டும். தேசியப் பூங்காவில் மரபுப் பாதுகாப்புப் பயிற்சிக்குச் சேர்ந்த எனக்கு முதலில் கற்றுத் தந்தது இதைத்தான்.

உயரம் எனக்குப் பயமில்லை. செங்கல் சூளையில் பிறந்தவன். நடக்கப் பழகியதே அடுக்கிய கல்லின் மேல்தான். அம்மா இன்றைக்கும் அங்கே தலைச்சுமை தூக்குகிறாள். இருமினால் செம்மண்ணாகத் துப்புகிறாள். வேலை நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும், அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

பூங்காவின் நடுக்காட்டில் பழைய மரவெட்டிகளின் குடியிருப்பு இருக்கிறது. கருங்கல் சுவர், பலகைக்கல் கூரை, வரிசை வீடுகள். மரம் வெட்டுவதை நிறுத்தியதும் எல்லோரும் போய்விட்டார்கள். அந்த உழைப்பாளிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்வையாளர்களுக்குக் காட்ட வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் கடைசி வீட்டில் ஓர் உழைப்பாளி இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தார். அவரும் அவர் மனைவியும். அந்த வீட்டில்தான் குளிர்காயும் கணப்பும் மரக்கட்டிலும் சுவரின் பழைய வண்ணப்பூச்சும் சிதையாமல் இருந்தன. அது இல்லாமல் குடியிருப்பைத் திறக்க முடியாது.

"அவங்களா போற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார் எங்கள் மேற்பார்வை மேடம். "மேலிடத்துல அப்படித்தான் சொல்லிட்டாங்க. நீ நல்ல வேலைக்காரன்பா. ஆனா இது திறக்கலைன்னா உன்னை என்ன சொல்லி நான் வச்சுக்கறது?"

அவர் மேலும் எனக்கு வருத்தமில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

நான் மரவெட்டியிடம் நேராகவே கேட்டேன். "டவுன்ல மக இருக்குல்ல அண்ணே, அங்க போயிடலாமே?"

"போலாம்ப்பா. அவளுக்கு இருக்கறது ஒரே ரூம். நாங்க போனா மருமகன் வெளிய படுக்கணும். நல்ல மனுசன், மூஞ்சி கோணாம படுத்துக்குவான். அதான் போகல."

"இவரு விடற குறட்டைக்கு அந்தத் தெருவே காலியாயிடும் தம்பி" என்றாள் அவர் மனைவி. அவள் மடியில் கொழுத்த சாம்பல் நிறப் பூனை ஒன்று கிடந்தது. "இவன் பேரு மேஸ்திரி. அடுத்தவன் வேலை செய்யறத உக்காந்து பாப்பான். சோத்து நேரத்துக்கு மட்டும் டாண்ணு எந்திரிச்சு வருவான்."

நான் சிரித்தேன். எங்கள் சூளையிலும் அப்படி ஒரு மேஸ்திரி இருந்தார்.

அவர்கள் போக மாட்டார்கள் என்று தெரிந்ததும், வீட்டையாவது கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஜன்னல் கட்டைகளின் சந்துகளில் ஈரக்காற்று புகுந்து மரம் இற்றுக்கொண்டிருந்தது. கம்பளித் துண்டு வைத்து எல்லாவற்றையும் அடைத்தேன், கதவின் அடிப்பக்கம் உட்பட. "இத்தன வருசமா காத்து ஊசியாக் குத்துது. யாரும் ஏன்னு கேக்கல. நீதான்யா கேட்ட" என்று அவர் என் தோளைத் தட்டினார்.

அடுத்தது கணப்பு. விறகுப் புகை வண்ணப்பூச்சைக் கறுக்க வைக்கும். ஆகவே அலுவலகத்திலிருந்து அடுப்புக்கரி மூட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். வாசலில் பற்ற வைத்து, புகை அடங்கிக் கனிந்த பிறகு உள்ளே எடுத்துப்போகச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். கண் எரிச்சல் விட்டது, விறகு சுமக்கிற வேலையும் விட்டது என்றாள்.

கடைசியாக மூடி. மற்ற வீடுகளுக்கெல்லாம் போட்டு முடித்தாயிற்று. கூரைக்கல் ஒன்று நகர்ந்திருக்கிறது, சரி செய்கிறேன் என்றேன். ஏணியை மரவெட்டிதான் பிடித்துக்கொண்டார். "பாத்துப்பா, அந்தப் பக்கம் வழுக்கும்" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மூடியைப் பொருத்தி, நான்கு மூலையிலும் கல் வைத்து, சாந்தும் பூசினேன். செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. இறங்கியதும் அவள் தேநீர் கொடுத்தாள். சூடாக இருந்தது.

சூளைக் குடிசையில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தை. ஒரு அடைமழையில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. கன்னம் சிவந்து, அசந்து தூங்குகிறவர்கள் மாதிரியே இருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் அம்மா எந்தக் குளிரிலும் கதவைச் சாத்த விட்டதில்லை. நீங்கள் சூளையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். நான் அப்போது சின்னப் பையன். சரியாக ஞாபகமில்லை.

மூடி போட்ட மறுநாள் காலையில் மரவெட்டி வீட்டுக்கு முதலில் போய்ப் பார்த்ததும் நான்தான். விபத்து என்றார்கள். படித்தவர்களே கரியை மூட்டிக் கதவடைத்துச் சாகிறார்கள், இவர்கள் எம்மாத்திரம் என்றார் வந்த போலீஸ்காரர். யாரும் கூரை மேல் ஏறவில்லை. மேடம் அழுதார், பொய் அழுகை இல்லை.

வசந்தத்தில் குடியிருப்பைத் திறந்தோம். கணப்பின் பக்கத்தில் இரண்டு பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன, மரவெட்டி ஒருவர், அவர் மனைவி. வீட்டில் கிடந்த துணிகளைத் துவைத்து நான்தான் உடுத்திவிட்டேன். உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்கிறார்கள் பார்வையாளர்கள். நிரந்தர வேலைக்கு மேலிடத்திலிருந்து வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பயிற்சியை நீட்டித்துக் கொடுத்தார்கள். அம்மா சூளையிலேயே இருக்கிறாள்.

போன வாரம் மரவெட்டியின் மகள் வந்தாள். வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் சொல்வதுபோல, மரவெட்டிகளின் எளிய வாழ்க்கை என்று தொடங்கினேன்.

"அது எங்கம்மா போர்வை" என்றாள்.

பூனை என் காலடியில் படுத்திருந்தது. அவள் குனிந்து "மேஸ்திரி" என்றாள். சோம்பேறிப் பூனை, எழுந்து ஓடிப்போய் அவள் கையில் தலையைத் தேய்த்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது ராத்திரி எங்கம்மா காலடிய விட்டு நகராதே. இது மட்டும் எப்படிண்ணா பொழச்சிச்சு?"

நீங்களும் அதையேதான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னல் சந்துகளை அடைத்தது நான். கரி கொடுத்தது நான். மூடி போட்டதும் நான். எல்லாம் அந்த வீட்டுக்காகச் செய்தது. அந்த மனிதர்கள் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, கெட்ட எண்ணமும் கிடையாது. தேநீர் குடித்து முடித்ததும், என் அறையில் எலித் தொல்லை, இன்றைக்கு மட்டும் மேஸ்திரியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனது உண்மை. "எலியையும் உக்காந்து வேடிக்கைதான் பாப்பான் தம்பி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

என் அறையில் எலி கிடையாது. ஆனால் அது வாயில்லா ஜீவன், ஐயா. அதைப் போய் அந்த வீட்டில் எப்படி விட்டுவிட்டு வருவது.