பூஜ்யம் என்று எழுதிய பாட்டில்

ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். ஆரம்பம் என்றால் தராசுதான். வீட்டிலேயே வேப் திரவம், அதாவது மின்சிகரெட்டில் ஊற்றுகிற சாறு, கலக்க நினைக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல தராசு. கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். பலர் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றுகிறார்கள். அவன் விடுகிற சொட்டும் நான் விடுகிற சொட்டும் எப்படி ஒன்றாகும்? என் தராசை உங்கள் போலீஸ் ஆட்கள் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அதைக் குப்புற வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காபி ஆறிவிடப் போகிறது. இரண்டு தடவை வேண்டாம் என்றீர்கள், மூன்றாவது தடவை கேட்டதும் வாங்கிக்கொண்டீர்கள். இந்த ஊர்ப் பெண்தான் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். மூன்றாவது தடவையும் மறுத்தால் அது மரியாதை இல்லை.

என் பெயர் வெர்லின் ஹாக்ஸ்டாட். வயது அறுபத்தெட்டு. மினசோட்டாவின் தானியக் கிடங்குகளில் லாரி எடைமேடைகளைச் சோதிக்கிற வேலையை முப்பத்தோரு வருடம் பார்த்தேன். கோதுமை ஏற்றி வந்த விவசாயி, "கிட்டத்தட்ட சரியாத்தானே இருக்கு, விடுங்க" என்பார். நான் விட்டதே இல்லை. ஒன்று சரியாக இருக்கிறது, அல்லது சரியாக இல்லை. கிட்டத்தட்ட என்று ஒரு எடை கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டுவேன் கிவெலா என் மனைவி ஆர்டிஸின் தம்பி. ஆர்டிஸ் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவள் போன பிறகு டுவேன் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினான். கடையில் வாங்குவதெல்லாம் பஞ்சுமிட்டாய் மாதிரி தித்திக்கிறது, பல் கூசுகிறது என்று புலம்பினான். எனக்கோ பொழுது போகவில்லை. கார் கொட்டகையில் ஒரு மேஜையைத் துடைத்து, நானே கலந்து தருகிறேன் என்றேன்.

கலப்பது பெரிய வித்தை இல்லை. கெட்டியான கிளிசரின் ஒன்று. ஆவி அடர்த்தியாக வருவதற்கு. தண்ணீர் மாதிரி ஓடுகிற இன்னொன்று, வாசனையைச் சுமப்பதற்கு. அப்புறம் வாசனைச் சாறு. கடைசியாக நிக்கோடின், அதைத் தொடுவதற்குக் கையுறை கட்டாயம். எல்லாவற்றையும் எடை போட்டு ஊற்றி, குலுக்கி, இருட்டான அலமாரியில் இரண்டு வாரம் ஊறவிட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டு வாரம்தான் பொறுக்க மாட்டார்கள்.

என் முதல் பாட்டிலை இழுத்துப் பார்த்துவிட்டு டுவேன், "வித்தியாசமா இருக்கே, மச்சான்" என்றான்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தாலும், மாதா கோயில் விருந்தில் யாராவது இறைச்சியை ஜெல்லிக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும், வித்தியாசமா இருக்கே என்போம். அதற்கு மேல் திட்ட நம்மிடம் வார்த்தை இல்லை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோரு தடவை மாற்றினேன். பன்னிரண்டாவது, ருபார்ப் கஸ்டர்ட். கொல்லையில் முளைக்கிற அந்தப் புளிப்புத் தண்டின் வாசனை முன்னால் வரும், பாலும் முட்டையும் பின்னால் வரும். டுவேன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

"அடப்பாவி மச்சான். இத்தன வருசமா இந்தக் கைய எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

எடைமேடை சரியாக இருக்கிறது என்பதற்காக யாரும் வந்து கைகுலுக்குவதில்லை. முப்பத்தோரு வருடத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசனைச் சாறு தெறித்துவிட்டது என்று சொன்னேன்.

அதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு டோனட் பையோடு வந்துவிடுவான். அதோ அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி வரை மீன் கதை பேசுவான். ஒரே மீன் ஒவ்வொரு வாரமும் ஒரு விரற்கடை வளரும். நான் தப்பென்று சொன்னதில்லை. பிறகு அவன் போவான், நான் நாளைக்குக் காலை பத்து மணிக்காகக் காத்திருப்பேன்.

போன வருடம் மார்ச்சில் அவனுடைய இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்றார்கள். மாற்றிவிடலாம், ஆனால் ரத்தத்தில் நிக்கோடின் துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் எலும்பு ஒட்டாது, சோதித்துப் பார்த்துத்தான் கத்தியை எடுப்போம் என்று அறுவை மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அவன் மகள் பிரிட்டா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்கதான் பாத்துக்கணும். கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக் குடுங்க. அப்பா வேற யார் பேச்சையும் கேக்க மாட்டாரு."

மில்லிலிட்டருக்கு ஆறு மில்லிகிராம் நிக்கோடினிலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பூஜ்யம். சுத்தமாகக் குறைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மே மாதம் நான் கொடுத்த முதல் பூஜ்யம் உண்மையான பூஜ்யம்.

அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கே, மச்சான்" என்றான். பாதி பாட்டிலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். நான்கு நாள் வரவில்லை. ஐந்தாவது நாள் தொலைபேசியில் கேட்டேன்.

"எனக்கு இனிமே அது வேணாம்னு தோணுது மச்சான். ஆசையே போயிடுச்சு. இடுப்பு சரியானதும் பிரிட்டாவும் நானும் கனடா பக்கம் ஏரிக்குப் போறோம், ஒரு மாசம். நீ சிரமப்படாத."

நான் சிரமப்படவில்லை. திருத்தினேன், அவ்வளவுதான். நிக்கோடினுக்குத் தொண்டையில் மிளகு மாதிரி மெல்லிய ஒரு பிடிப்பு உண்டு. அதை எடுத்துவிட்டால் ருபார்ப் வெறும் புளிப்பாகிவிடுகிறது. உப்பில்லாத சூப்பை யார் குடிப்பார்கள்? ஒரு நல்ல தயாரிப்பை அரைகுறையாக வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. புதிய பாட்டிலை எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். ருசி மட்டும் பார் என்றேன். வேண்டாம் என்றான். மறுபடி கேட்டேன், வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டான். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

முதலில் உள்ளே இரண்டு. ஒரு மாதத்தில் ஆறு. லேபிளில் பூஜ்யம். என் லேபிள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மறுநாள் பத்து மணிக்கு டுவேன் டோனட்டோடு வந்துவிட்டான்.

ஜூனில் ரத்தம் எடுத்தார்கள். நிக்கோடின் இருந்தது. அறுவையை மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க" என்றாள் பிரிட்டா.

"சத்தியமா தொடலம்மா."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

செப்டம்பரிலும் அதேதான். பிரிட்டா அவனுடைய வண்டியைக் குடைந்து, இருக்கைக்கு அடியில் ஒரு பழைய சிகரெட் பெட்டியைக் கண்டுபிடித்தாள். உள்ளே ஒன்றே ஒன்று, சுண்ணாம்புக்கட்டி மாதிரி காய்ந்து கிடந்தது. அதை என் மேஜைமேல் வைத்தாள். டுவேன் என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீயாச்சும் சொல்லேன். தெனமும் உன்கூடத்தான இருக்கேன்?"

"எனக்குத் தெரிஞ்சு பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் அவன் சிகரெட்டத் தொட்டதில்ல" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிரிட்டா மீதி இருபத்திரண்டு மணி நேரத்தை நினைத்துக்கொண்டாள். அது அவள் பாடு.

டிசம்பரில் மூன்றாவது சோதனையும் தவறியது. நேர்மையாக நடந்துகொள்ளத் தயாரானால் மட்டும் வரச்சொல்லுங்கள் என்று மருத்துவர் எழுதி அனுப்பிவிட்டார். அதற்குள் டுவேன் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தான். வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொள்வான். உறைந்த ஏரியில் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிற அவனுடைய மரக்குடிலை விற்றுவிட்டான். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவனுக்காகக் கொட்டகை வாசலில் ஒரு சாய்தளம் கட்டினேன். நீங்கள் ஏறி வந்தது அதில்தான். அடிக்கு ஓர் அங்குலம் ஏற்றம், பிசகாது. அந்த மாதத்திலிருந்து அவன் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதில்லை, எங்கே போவான்? மூன்று, நான்கு மணி வரைகூட இருந்தான்.

ஜனவரியில் ஒரு நாள், இதே கொட்டகையில், அவன் தானாகவே பேச்சை எடுத்தான்.

"ஆமா பிரிட்டா, நான் சிகரெட் பிடிச்சிருக்கேன்."

"எப்பப்பா?"

"ஞாபகம் இல்ல. தூக்கத்துல எந்திரிச்சுப் பிடிக்கிறேன் போலருக்கு. ரத்தத்துல இருக்குதே, நான் பிடிக்காம அது எப்படிம்மா வரும்? எனக்கே என்னப் பாத்தா பயமா இருக்கு."

பிரிட்டா அழுதுவிட்டாள். அவனைக் கட்டிக்கொண்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் சேர்ந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. "சொல்லிட்ட இல்ல, இனிமே மனசு லேசாயிரும்" என்று அவன் தோளைத் தட்டினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பூஜ்யம் மட்டும் இல்லேன்னா நான் இதவிட மோசமாப் போயிருப்பேன் மச்சான்" என்றான். உண்மையாகச் சொல்கிறேன், அந்த ஒரு பேச்சுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம்.

அதன் பிறகுதான் பிரிட்டா, தானும் கலக்கக் கற்றுக்கொள்கிறேன், அப்பாவுக்கு நானே செய்து தருகிறேன் என்றாள். சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தேன். தராசு, கையுறை, இரண்டு வாரம். எல்லாவற்றையும்விட முக்கியம் நோட்டு என்றேன். போட்ட எடையை அப்படியே எழுது, எழுதியதை ஒருநாளும் மாற்றாதே. நான் பல் மருத்துவரிடம் போயிருந்த காலையில், பூஜ்யத்துக்கு என்ன அளவு என்று தெரிந்துகொள்ள என் நோட்டைப் பிரித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, லேபிள்ல பூஜ்யம், உள்ள ஆறுன்னு எழுதியிருக்கு. போன ஜூலையிலேருந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும்."

"ஆமா."

"ஏன் மாமா?"

"ருசிக்கு" என்றேன். பாதி வாய் மரத்துப்போயிருந்தது, அதனால் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

நோட்டில் ஒன்றையும் நான் மறைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். மறைக்க நினைக்கிறவன் ஆறு என்று எழுதுவானா? பத்து மாதம், இருபத்தாறு பாட்டில். அத்தனையும் நான்தான் கலந்தேன், தெரிந்தே கலந்தேன், அவன் இடுப்பு தேய்வதைப் பார்த்துக்கொண்டே கலந்தேன். இதற்கு மேல் நேர்மையாக எப்படிச் சொல்வது?

டுவேனைக் கூட்டிக்கொண்டு வந்து பிரிட்டாவே சொன்னாள். அவன் அவளைப் பார்த்து, "அப்ப நான் பிடிக்கல?" என்று கேட்டான்.

"இல்லப்பா."

"நான் பிடிக்கவே இல்ல?"

"இல்லவே இல்லப்பா."

பிறகு என் பக்கம் திரும்பி, "வித்தியாசமா இருக்கே, மச்சான்" என்றான். மகளைத் தொடவிடாமல், அவனே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் இறங்கிப் போனான். சாய்வு சரியாகத்தான் இருந்தது, சக்கரம் எங்கும் தடுக்கவில்லை.

ஏழு வாரம் ஆகிறது. ரத்தம் சுத்தமாகிவிட்டதாம், வியாழக்கிழமை அறுவையாம். எலும்பு ரொம்பத் தேய்ந்துவிட்டதால் இனி நடந்தாலும் விந்தி விந்தித்தான் நடப்பானாம். கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பிரிட்டா தொலைபேசியை எடுப்பதில்லை. பரவாயில்லை. பனி பெய்தால் சாய்தளத்தைக் காலை ஒன்பதரைக்குள் வாரிவிடுகிறேன். பத்து மணிக்கு யாராவது வழுக்கிவிடக் கூடாது.

போவதற்கு முன் ஒரு சின்ன உதவி. பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் பார்க்காமல் விட்ட பாட்டில் ஒன்று இருக்கிறது. இரண்டு வாரம் நன்றாக ஊறியிருக்கிறது, ருபார்ப் கஸ்டர்ட். டுவேனிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு தடவை வேண்டாம் என்பான், நீங்கள் மூன்றாவது தடவையும் கேளுங்கள். தாராளமாகச் சோதித்துப் பார்த்துவிட்டே கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பூஜ்யம்தான்.

கிட்டத்தட்ட.