துவைக்காத கோட்டு

அந்தத் திங்கட்கிழமை நல்ல வெயில், பொலிஸ் மாத்தயா. யட்டியாந்தோட்டைப் பக்கம் சேர்ந்தாப்போல ரெண்டு நாள் வெயில் அடித்தால் எந்தப் பொம்பளையும் துணி துவைப்பாள். நானும் துவைத்தேன்.

நீங்கள் சிங்களத்திலேயே எழுதுங்கள், எனக்கு விளங்கும். பேர் வெள்ளையம்மா. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் இல்லை. செத்துப்போன இந்திரகுமார் என் கூடப் பிறந்த தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறூட்டி வளர்த்தவள் நான்.

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மாட்டுப் பட்டி. தாத்தா ஒரு கிடாரியோடு ஆரம்பித்தார். அப்பா ஐயாவு நாலாக்கினார். நான் ஏழாக்கினேன். நடுவில் ரப்பர் பால் வெட்டப் போவேன், அதற்கு முன்னும் பின்னும் மாட்டு வேலை. முப்பது வருஷம். தோட்டத்தில் என் பேருக்கு ஒரு சாண் மண் கிடையாது. அந்தப் பட்டிதான் எனக்கு எல்லாம்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கறக்கப் போகிறவர் யாரானாலும் ஒரே கோட்டைத்தான் போட வேண்டும். தாத்தாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்த காக்கிக் கோட்டு. கிழிந்தால் ஒட்டுப் போடுவோம், துவைக்க மாட்டோம். சாணி, பால், கன்றின் எச்சில், மூன்று தலைமுறை வியர்வை எல்லாம் அதில் ஊறிக் கிடக்கும். அந்த வாசம் இருந்தால் மாட்டுக்கு வீட்டு ஆள். என்னை மட்டும் கோட்டு இல்லாமலும் விடும். மற்றவர்களை, கன்று போட்ட நேரத்தில், விடாது. போன ஈற்றில், மருந்து போட வந்த ஆளை எங்கள் சிகப்பிப் பசு வேலியோடு வைத்து நசுக்கியது. விலா எலும்பு ரெண்டு போனது. தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தம்பிக்கு வரக்காப்பொலையில் கடை வேலை கிடைத்தது. பெண்சாதி விஜயகலாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். ஏழு மாட்டையும் விற்கப் பேசிவிட்டான். என்னிடம் கேட்கவில்லை.

"நீயும் வாக்கா. இன்னும் எத்தன காலத்துக்குச் சாணி அள்ளுவே?"

"மாட்ட எனக்கு விட்டுட்டுப் போடா."

"ஒத்தப் பொம்பள ஏழு மாட்ட வச்சு என்னா பண்ணுவே? அங்க வந்து கால நீட்டி டீவி பாரு."

நல்ல மனசோடுதான் சொன்னான். அதையும் எழுதுங்கள்.

புதன்கிழமை லொறி வந்து கீழ் ரோட்டில் நின்றது. சிகப்பி கன்று போட்டு ஆறாம் நாள். அதை நான் பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்றேன். தம்பி சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினான். தோளை மோந்து பார்த்தான்.

"என்னாக்கா, கோட்டு மணக்குது? கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்கேன். தொவைச்சியா?"

"அத யாராவது தொவைப்பாங்களா? சோப்புத் தண்ணி பட்டிருக்கும்."

நம்பினான். உள்ளே போனான். வெளியிலிருந்து தடுப்புக் கம்பைப் போட்டேன். கன்று ஓடிவிடக் கூடாதே.

சிகப்பி முதலில் மோந்தது. அப்புறம் தலையைத் தாழ்த்தியது. தம்பி திரும்பி ஓடி வந்து கம்பைப் பிடித்து, "அக்கா, எடு" என்றான். ஒரு கை வேலைதான். நான் எடுக்கவில்லை. லொறிக்காரர் மேலே ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் விபத்து என்றார்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். நேற்றுச் சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள், ஆளைக் கொன்ற மாட்டை அறுக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று. அதற்காகத்தான் நடந்து வந்தேன்.

அது தன் கன்றைக் காத்தது, அவ்வளவுதான். கோட்டை ரெண்டு தரம் ஊற வைத்து அடித்துத் துவைத்தது நான். கம்பைப் போட்டது நான். எடுக்காமல் நின்றது நான். அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். இதில் எந்த வரியையும் மாட்டின் மேல் எழுதாதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வருமுன் விஜயகலாவிடம் எல்லாம் சொன்னேன், என் முகத்தில் துப்பினாள். துப்பட்டும். ஏழும் பட்டியில் நிற்கிறது.

அழவில்லையே என்று கேட்கிறீர்கள். எதற்கு அழ வேண்டும்? அவன் என் கையில் வளர்ந்தவன், மாத்தயா. உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் ஓடி வந்து, "எங்கக்கா அப்பிடிச் செய்யிற ஆளில்ல" என்று உங்களோடு சண்டை போட்டிருப்பான்.